ஐந்து மணிக் கையெழுத்து

போன வாரம் மதுரையிலிருந்து தேனிக்கு வந்த பேருந்தில் ஒரு ஆங்கில டப்பிங் படம் போட்டிருந்தார்கள். எதிர்காலத்திலிருந்து கிளம்பி வந்த கூலிக்கொலையாளி, கையில் நீல வெளிச்சம் கக்கும் துப்பாக்கி. உசிலம்பட்டி தாண்டியதும் படம் சூடுபிடித்தது. ஆண்டிபட்டிக் கணவாய் வருவதற்குள் கொல்ல வேண்டிய ஆளைக் கண்டுபிடித்தும் விட்டான். அதற்குள் தேனி வந்துவிட, நடத்துநர் டிவியை அணைத்தார். எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனார்கள். முடிவு என்னவென்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலத்தில் இந்த மாதிரிப் படங்களின் முடிவைச் சொல்வது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

பி.காம். முடித்துவிட்டு, திருப்பூருக்குப் போவதா சென்னைக்குப் போவதா என்று இரண்டு வருடமாக யோசித்தபடி சின்னமனூரில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்களெல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு கை நுழையும் ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். புதுப்படம் எடுக்க வசதியில்லாத எங்கள் முதலாளி பழைய டப்பிங் படங்களாக வரவழைப்பார். போஸ்டரில் ராக்கெட்டும் துப்பாக்கியும் சேர்ந்து இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார். கி.பி. மூவாயிரத்து இரும்பு மனிதன் “நவுருடா கஸ்மாலம்” என்று சென்னைத் தமிழ் பேசியபடி ஆளைச் சுடுவான். ஜனம் விசிலடிக்கும்.

பீடிப் புகை, கடலைத் தோல், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபினாயில். இதுதான் எங்கள் தியேட்டரின் வாசனை. இப்போதும் எந்த ஆஸ்பத்திரியிலாவது ஃபினாயில் வாடை வந்தால் எனக்கு நோயாளிகள் ஞாபகம் வருவதில்லை, மாயண்ணன் ஞாபகம்தான் வருகிறது.

மாயண்ணன் கடமலைக்குண்டுப் பக்கத்துக்காரர். காசு வாங்கிக்கொண்டு ஒருவரை வெட்டியதாக வழக்கு. ஜாமீன் கொடுத்த கோர்ட்டு, சொந்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, சின்னமனூரில் தங்கித் தினமும் காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் மனிதர் என்ன செய்வார்? மாட்னிக்கு வந்துவிடுவார். இருட்டிய பிறகு லாட்ஜை விட்டு வெளியே வரமாட்டார். வெட்டுப்பட்டவனின் ஆட்கள் தேடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

எங்கள் மாட்னிக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டரை மணி என்று போர்டில் இருக்கும். ஆனால் குச்சனூர் பஸ் வந்து, அதில் வந்த ஜனம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகுதான் படம் ஓடும். இடைவேளையோ போண்டா தீரும்வரை. ஆகவே படம் முடிய ஐந்தேகால் ஆகிவிடும். மாயண்ணன் நாலே முக்காலுக்கே வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு படத்தையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே என் ஓட்டைக்கு வந்து குனிவார்.

“தம்பி, கடைசில என்னாச்சு?”

நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். அவருக்குச் சந்தேகங்கள் நிறைய. “ஏலே, இத்தன பேரச் சுடுறானே, அந்த இரும்புப் பயலுக்கு வாய்தா கீய்தா கெடையாதா?” என்பார். “வேல முடிஞ்சா அவன எங்கன கொண்டுபோயி வப்பாக?” என்று ஒருநாள் கேட்டார். குடோனில் போடுவார்கள் என்றேன். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே பயப்படுகிற மனிதருக்கு நான் கதை சொல்கிறேன் அல்லவா!

அப்புறம் அந்தப் படம் வந்தது. செவ்வாய் கிரகத்தில் ஒரு கம்பெனிக்காகக் கொலை செய்கிறவன், கடைசி வேலையையும் முடித்துவிடுகிறான். ‘இனி உனக்கு விடுதலை’ என்று கம்பெனி கார் அனுப்புகிறது. கார் வந்து நின்ற இடத்தில் மாயண்ணன் எழுந்து போக வேண்டியதாயிற்று. அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார், மூச்சு இரைத்தது.

“கார் வந்துச்சே. ஏறுனானா?”

“ஏறுனாண்ணே.”

“பெறகு?”

காரின் பின்சீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்னொரு கொலைகாரன் உட்கார்ந்திருப்பான். பாதி வழியில் கதையை முடித்துவிடுவான். அதுதான் படம். ஆனால் ஓட்டை வழியே தெரிந்த அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பயமும்தான். பின்னால் ஆறு மணிக் காட்சிக்கு வரிசை வேறு நெட்டியது. “ஒரு வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டாகண்ணே. பொண்டாட்டி புள்ளயோட நல்லா இருக்கான்” என்று அளந்துவிட்டேன்.

“ஒண்ணும் செய்யலையா? சும்மா விட்டுட்டாகளா?”

“சும்மாதாண்ணே விட்டாக.”

“அப்பச் சரி” என்றார்.

பத்து நாள் கழித்துக் கையெழுத்து நிபந்தனையும், ஊருக்குள் போகக் கூடாது என்ற நிபந்தனையும் தளர்ந்தன. பகல் பன்னிரண்டு மணிக்கு, சலவை வேட்டியோடு ஓட்டைக்கு வந்தார். அவரை ஏவிவிட்ட ஆட்கள் சமாதானமாகக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்களாம். “போவமா வேணாமான்னு ஒரே ரோசனையா இருந்துச்சுடா. கார் அனுப்பிருக்காக. மக அஞ்சாப்பு படிக்கா, அவளப் பாத்து எட்டு மாசமாச்சு. வாரேன்” என்றார். வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “அண்ணே” என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். “பாத்துப் போங்கண்ணே” என்றேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

மூன்றாம் நாள் காலையில், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய பேப்பரின் வால்போஸ்டரில் செய்தி வந்தது. வருசநாட்டு ரோட்டோரம் கிடந்தாராம். கொன்றது தேடிக்கொண்டிருந்தவர்கள் அல்ல, கூட்டிப் போனவர்கள். வழக்கில் அவர் வாயைத் திறந்துவிடக் கூடாதே. அந்த வாரமே நான் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

சினிமா பார்த்தா ஒருவன் காரில் ஏறுவான் என்று என் மனைவி கேட்கிறாள். மகளுக்காக ஏறியிருப்பார் என்கிறாள். இருக்கலாம். கூலிக்கு ஆளை வெட்டியவருக்காக இவ்வளவு மருகுவதா என்றும் கேட்கிறாள். இன்று தியேட்டர் இல்லை, அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாட்னிக்காகக் காத்திருந்த கூட்டமும் இல்லை. மாயண்ணன் மகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறாளோ தெரியாது. காரில் ஏறியவனுக்கு என்ன ஆயிற்று என்று அவளுடைய அப்பா என்னிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் எனக்கு உண்மை தெரிந்திருந்தது.