கின்கா வீட்டுக் கோழிகள் சட்டை மாற்றிய மாதம்

பக்கத்து வீட்டுக் கின்காவுக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் இருபத்தெட்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தே காலம் தள்ளியவள். பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. கோழி என்றால் சந்தையில் உரித்துத் தொங்குவதுதான் தெரியும்.

பிறகு எதற்கு வாங்கினாள்? எல்லாம் மகன் யாவோருக்குச் சாக்குச் சொல்லத்தான். புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து, "தனியா என்னம்மா பண்ற, சோஃபியாவுக்கு வந்துடு" என்று தலைநகரிலிருந்து அவன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். இவளுக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை. மகனிடம் நேராக முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. போன வருஷம் பனி உருகியதும் சந்தைக்குப் போய் ஆறு சிவப்புப் பெட்டைகளை வாங்கிவந்து கொல்லையில் விட்டாள்.

"கோழிங்க இருக்குடா கண்ணு. வாயில்லா ஜீவனை அம்போன்னு விட்டுட்டு எப்படி வர்றது?"

"உனக்கு எங்கம்மா கோழி வளர்க்கத் தெரியும்?"

"நான் கோழியோட கோழியா வளர்ந்தவடா!"

பச்சைப் பொய். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "சரி, கோழிங்க இருக்கற வரைக்கும் அங்க இரு. அதுங்க போச்சுன்னா மறுபேச்சில்லாம வந்துடணும்" என்று வாக்கு வாங்கிவிட்டான்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. இந்த அக்டோபரில் ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கூப்பாடு.

"தெமெனா! அடியே தெமெனா! ஓடி வாடி!"

போட்டது போட்டபடி ஓடினேன். கொல்லை முழுக்க இறகு. கூண்டுக்குள் ஒரு கோழிக்குக் கழுத்து மொட்டையாக இருக்கிறது, இன்னொன்றுக்கு வாலைக் காணோம், மூன்றாவதற்கு முதுகு வெறும் தோல். கொண்டை எல்லாம் வெளிறிப் போயிருந்தது.

"நரி வந்துச்சாக்கா?"

"நரி வந்தா இறகைப் புடுங்கி வெச்சிட்டுக் கோழியை விட்டுட்டுப் போகுமாடி? அறிவிருக்கா உனக்கு?"

"முட்டை?"

"பத்து நாளா ஒண்ணுகூட இல்லை. கடையில வாங்கித் திங்கறேன், யார்கிட்டயும் சொல்லிடாத."

தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கோழியோடு கோழியாக வளர்ந்தவள் போய் எப்படிக் கேட்பது? காலையில் கேட்டால் மத்தியானத்துக்குள் யாவோர் காதுக்குப் போய்விடும். ஆகவே நாங்கள் இரண்டு அறிவாளிகளும் சேர்ந்து யோசித்தோம். காய்ச்சலாக இருக்குமோ என்றேன் நான். காய்ச்சல் என்றால் எங்கள் வீடுகளில் ஒரே வைத்தியம், ரக்கியாவைத் தேய்த்துவிடுவது. திராட்சையில் நாங்களே இறக்குகிற சாராயம் அது, மனுஷனுக்குக் கேட்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்து முதுகில் தேய்த்தோம். அடேயப்பா, அதுகள் கத்திய கத்தல்! தோலில் முள் முள்ளாக ஏதோ முளைத்திருந்தது, அதைத் தொட்டாலே துடித்தன. மறுநாள் கோழியும் நாறியது, நாங்களும் நாறினோம். இறகு இன்னும் கொட்டியது.

கடைசியில் டிர்க்கிடம் போனோம். ஹாலந்துக்காரர், அடுத்த தெருவில் பழைய வீட்டை வாங்கித் தங்கியிருப்பவர், இருபது கோழி வைத்திருக்கிறார். எங்கள் பாஷை அரைகுறை என்பதால் ஊர்வம்பு பேசமாட்டார். அவர் தன் கூரைமேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். கின்கா கீழேயிருந்து மொட்டைக் கோழியைத் தூக்கிக் காட்டி, "இது செத்துடுமா?" என்று கத்தினாள்.

டிர்க் தலையை இடமும் வலமுமாக நன்றாக ஆட்டிவிட்டு மறுபடி ஓடு மாற்றத் திரும்பிவிட்டார்.

இங்கேதான் வினை. எங்கள் பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. மற்ற தேசத்தவர் மாற்றி ஆட்டினால் அது அவர்கள் பாடு. டிர்க்கும் வந்த புதிதில் அப்படித்தான் ஆட்டினார். ரொட்டிக் கடையில் ஆளாளுக்குக் கேலி செய்ததில் எங்கள் வழக்கத்தைப் பழகிக்கொண்டார். இருந்தாலும் ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி.

"ஆமாங்கிறாரு," என்றாள் கின்கா. முகம் செத்துப்போயிற்று.

"அவங்க ஊர்ல அப்படின்னா இல்லைன்னு அர்த்தம்க்கா."

"இப்பதான் நம்மள மாதிரி ஆட்டறாரே!"

"நேத்து என்கிட்ட அவங்க மாதிரி ஆட்டினாரே."

"அப்ப நாம அவரை மாதிரி நினைச்சுக்கணுமா, அவர் நம்மள மாதிரி நினைச்சுக்கிட்டாரா?"

எனக்குத் தலை கிறுகிறுத்தது. இன்னொரு முறை கேட்கலாமென்றால் அவள் கோழியை அணைத்தபடி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டாள். "சனிக்கிழமை வாடா. கோழிங்க போகப் போவுது. நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

முப்பது வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் இல்லாமல் எனக்கு விடிந்ததில்லை. போகாதே என்று சொல்ல நான் யார்?

சனிக்கிழமை யாவோர் வந்தான். காரின் பின் இருக்கைகளை மடித்து, சாமான் ஏற்ற இடம் பண்ணியிருந்தான். கோழிகளைப் பார்த்து முகம் சுளித்தான். அந்த நேரம் பார்த்து டிர்க் ஒரு வாளியில் சூரியகாந்திப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கோழி சாகாது," என்றார் நிதானமாக. "சட்டை மாத்துது. வருசம் வருசம். பழசு போகும், புதுசு வரும். ரெண்டு மாசம். அப்புறம் முட்டை." கோழியைக் குனிந்து முகர்ந்தார். "ஏன் இதுங்க குடிச்சிருக்கு?"

நான் சந்தோஷத்தில் ஓவென்று சிரித்தேன். கின்காவும் சிரித்தாள். யாவோரும் சிரித்தான், ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு, "அப்ப நல்லதாப் போச்சு. நீ இங்கயே இரும்மா, அதான் உனக்குச் சௌகரியம்" என்றான். அவள் காலையிலிருந்து அரிசியும் கறியும் அடைத்து வேகவைத்த குடைமிளகாயில் ஒன்றை மட்டும் நின்றபடியே தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் போகணும் என்று கிளம்பிவிட்டான். அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

நான் துள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இரண்டு பெட்டி அடுக்கி, மூடாமல் வைத்திருந்தது. குளிர்காலக் கோட்டு, புருஷனின் படம், பேரனுக்குப் பின்னிய காலுறை, எல்லாம் உள்ளே. பக்கத்தில் நாற்காலியில் கின்கா உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கே ஒண்ணும் புரியலைடி," என்றாள். "ரெண்டு வருசமா வரமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணினவ நான்தானே? நான் ஆசைப்பட்டதுதானே நடந்திருக்கு? அப்புறம் ஏன் இந்தப் பெட்டியைப் பிரிக்கக் கை வரமாட்டேங்குது?"

அவள் போகவில்லை என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? ஒரு பெட்டியிலிருந்து கோட்டை வெளியே எடுக்கப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை, 'கோழி இருந்தாலும் பரவாயில்லை, வாம்மா'ன்னு சொல்லியிருக்கலாம்டி அவன்."