வந்தவர்களை மட்டும் எழுதியவர்

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தையில், காலி வீதி ஓரத்தில், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கிளினிக்கில் சிற்றூழியராக இருந்த செல்விதான் தொலைபேசியில் அழைத்தாள். “ஐயா, மெற்றில்டா மிஸ் போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள...” வந்த பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் முதலில் வந்தது பயம். நான் எழுதவேண்டிய ஒரு கடிதத்தை இனி அவர் பார்க்கப்போவதில்லை என்ற பயம்.

ஜிந்துப்பிட்டியில் சந்து மாதிரியான ஒரு ஒழுங்கைக்குள் இருந்த அந்த அரசாங்க கிளினிக்கை அறிந்தவர்களுக்கு மெற்றில்டா மிஸ்ஸைச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அங்கே எழுதுவினைஞர்; எங்கள் பேச்சில் கிளாக். வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருந்து, வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார். நான் உள்ளே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். டொக்டர்மார் வருவார்கள், மாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் அசையவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து காலையில் நடந்தே வருவார். வந்ததும் கைப்பையைக் கதிரையில் மாட்டிவிட்டு, “சிவா, இண்டைக்கு என்ன மருந்து இல்லை?” என்று கேட்பார். என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கிளினிக்கின் சரித்திரம் முழுவதும் அவரிடம் இருந்தது. அரசாங்கம் அனுப்பிய எல்லாச் சுற்றுநிருபங்களையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தார். ஆரம்பத்தில் அரசாங்கம் டொக்டரையும் தாதியையும் கொடுத்தது; எத்தனை பேர் வருகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலம், மருந்து மட்டும் தாராளமாக வந்தது, டொக்டர் கிழமைக்கு இரண்டு நாள்தான். அதற்குப் பிறகு, வருகிறவர்களின் தலையை எண்ணி நிதி ஒதுக்கும் முறை வந்தது. ஒவ்வொரு அரசாங்கமும் மாறும்போது வாசலில் புதுப் பெயர்ப்பலகை ஏறும், ரிப்பன் வெட்டப்படும். இதையெல்லாம் மிஸ் மூன்று வசனத்தில் முடித்துவிடுவார்: “முதல் டொக்டரைத் தந்தாங்கள். பிறகு மருந்தைத் தந்தாங்கள். இப்ப படிவம் தாறாங்கள்.”

தலையை எண்ணும் அந்த முறைதான் எங்களைப் பிடித்தது. எங்களிடம் வருகிறவர்கள் நாட்கூலிகள். துறைமுகத்திலும் கடைகளிலும் மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் குளிசை எடுக்க எல்லோரும் வந்தால் எல்லோருக்கும் ஒருநாள் சம்பளம் போகும். அதனால் மிஸ் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். ஒரு வீட்டில் இருந்து ஒருவர் வந்தால் போதும். அவர், டொக்டர் மருந்து எழுதிக்கொடுக்கும் எல்லோருடைய கிளினிக் கொப்பிகளையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வருவார். டொக்டரும் அதற்குச் சம்மதித்திருந்தார். நான் கொப்பியைப் பார்த்து மருந்து கொடுப்பேன். ஆனால் பதிவேட்டில் மிஸ் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதுவார், வந்தவருடையதை. “வராத ஆளை வந்தவர் எண்டு நான் எப்பிடி எழுதுறது?” என்பார். நல்ல மனதோடு செய்த வேலை, நேர்மையாக எழுதிய பதிவேடு. இரண்டும் சேர்ந்து எங்கள் கிளினிக்கை ஆளில்லாத இடமாகக் காட்டிக்கொண்டிருந்தன. அது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நோயாளர் குறைந்த கிளினிக்குகளுக்கு இனி நிதி இல்லை என்று சுற்றுநிருபம் வந்தது. வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பதிவேட்டைப் பார்ப்பார். அன்று திங்கள். மிஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். கிளினிக் மூடினால் எங்கள் ஆட்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விடியற்காலையில் இருந்து நம்பருக்கு நிற்கவேண்டும். ஒரு மாதம் நிற்பார்கள், இரண்டு மாதம் நிற்பார்கள், பிறகு குளிசையை விட்டுவிடுவார்கள். விட்டால் என்ன நடக்கும் என்று டிஸ்பென்சருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மிஸ் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். “வியாழக்கிழமை எல்லாரும் நேரில வாங்கோ. கொப்பியோட வாங்கோ” என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னார். புதன் மத்தியானம் திரும்பி வந்தபோது குரல் கம்மிப் போயிருந்தது. “என்ன சொல்லினம்?” என்று கேட்டேன். “பார்ப்பம் எண்டினம், சிவா.” பார்ப்போம் என்றால் வரமாட்டார்கள் என்பது என் அனுபவம். அன்று பின்னேரம் அவர் இன்னொரு ஒழுங்கைக்குப் போன நேரத்தில், நான் பதிவேட்டை எடுத்தேன். என் மருந்து அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்து, முந்திய கிழமைப் பக்கங்களின் இடைவெளிகளில் பதினேழு பெயர்களை எழுதினேன். எல்லோரும் உண்மையான ஆட்கள், எங்கள் மருந்தைக் குடிக்கிறவர்கள், இதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிவேட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அந்த அதிகாரி அம்மா வந்து இறங்கினார். ஒழுங்கையில் இரண்டு பேர்தான் நின்றார்கள். மிஸ் பதிவேட்டை விரித்தார். அப்போதுதான் என் எழுத்தைக் கண்டார். தலை நிமிர்ந்து, மருந்து யன்னலுக்குள் நின்ற என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார். நான் குனிந்து குளிசை எண்ணுவது போல் பாசாங்கு செய்தேன்.

கால் மணித்தியாலம் போனது. முதலில் செருப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒழுங்கை நிறைய ஆட்கள். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். பெண்கள் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். கொப்பி போனால் மருந்து போய்விடும் என்று அதை யாரிடமும் கொடுக்கப் பயம். மிஸ் வாசலில் நின்று, “ஒருத்தரும் குடுக்க வேண்டாம். கையில வச்சுக்கொண்டு காட்டுங்கோ” என்றார். அதிகாரியிடம் திரும்பி, “மேடம், பொத் டிகக் பலன்ன” என்று, கொப்பிகளைக் கொஞ்சம் பாருங்கள் என்று, சிங்களத்தில் சொன்னார். நான் எழுதிய பெயர்கள் தேவையே இல்லாமல் போன நேரம் அதுதான். கைக்கு எட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை அப்போதே கிழித்துத் தின்றிருப்பேன்.

அதிகாரி நல்ல மனுஷி, ஆனால் விவரமானவர். பதிவேட்டில் இருந்து பெயர்களைக் கூப்பிட்டு, கூட்டத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை உயர்ந்தது. பிறகு, “வள்ளியம்மா” என்றார். நான் எழுதிய பெயர்களில் ஒன்று. கை உயரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பின்னால் இருந்து முத்தையா என்ற கிழவர் முன்னுக்கு வந்தார்.

“என் சம்சாரங்க. அவ செத்து மூணு மாசமாச்சு.”

பதிவேட்டின்படி வள்ளியம்மா போன செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கியிருந்தார். அவர் இறந்ததை எவரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டியலில் இருந்து பெயரை எடுக்கவேண்டும் என்று முத்தையாவுக்குத் தெரியாது. அதிகாரி பேனையை மூடிவிட்டு, “இதை யார் எழுதியது?” என்று சிங்களத்தில் கேட்டார். ஒழுங்கையில் ஒரு குழந்தை இருமியது. என் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. சத்தம் வரவில்லை.

“மம தமாய், மேடம்” என்றார் மெற்றில்டா மிஸ். நான்தான், மேடம்.

நிதி நிற்கவில்லை. கொப்பியோடு நின்ற கூட்டத்தை அந்த அம்மா தன் கண்ணால் கண்டு, அப்படியே எழுதிக்கொண்டு போனார். ஆனால் மிஸ்ஸுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. வரவேண்டிய பதவியுயர்வு வரவில்லை. கடைசிவரை அதே தரத்தில் இருந்துதான் ஓய்வு பெற்றார். அதிகாரி வந்துபோன அந்த வியாழக்கிழமை பின்னேரமே நான் அவரிடம் போய், உண்மையை அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் இருந்தது. குடையை மடக்கிய வேகத்தில் தெரிந்தது.

“இப்ப எழுதினா உங்களை இடைநிறுத்துவாங்கள். கிளாக் இல்லாட்டியும் கதவைத் திறக்கலாம், சிவா. மருந்து குடுக்க ஆள் இல்லாட்டி எதுக்குத் திறக்கிறது? பென்சன் எடுத்த பிறகு எழுதுங்க.”

நான் உடனே ஒத்துக்கொண்டேன். எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டேன் என்பதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

பொருளாதார நெருக்கடியால் நாட்டில் மருந்து இல்லாமற்போன அந்த வருடம், ஓய்வு பெற்றுவிட்ட மிஸ் தன் பிரஷர் கொப்பியோடு எங்கள் வரிசையில் நின்றார். எல்லோருக்கும் அரை மாதக் குளிசைதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மட்டும் முழு மாதத்தையும் உறையில் போட்டு நீட்டினேன். யன்னலிலேயே பிரித்துப் பார்த்து, பாதியைத் திருப்பி வைத்தார். “உங்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் போகேல்லையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பின்னால் நின்றவர்களுக்கு அது பகிடி.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்ற அன்று சின்னதாக ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். மிஸ் வந்து ஒரு பேனையைப் பரிசாகத் தந்தார். “இனி நேரம் இருக்கும். எழுதுங்க” என்றார். நான் ஏதோ புத்தகம் எழுதப்போகிறேன் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று வருடம் அந்தப் பேனை அலுமாரிக்குள் கிடந்தது. பென்சனும் வந்தது, நேரமும் இருந்தது, தைரியம்தான் வரவில்லை. அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்மேல் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன்.

மிஸ்ஸின் உடலை வைத்திருந்த கொட்டாஞ்சேனை மலர்ச்சாலைக்கு ஒழுங்கை முழுவதும் வந்திருந்தது. ஒருவர் எழுந்து அழுதழுது சொன்னார்: “மிஸ் வாழ்க்கையில ஒரே ஒரு பொய்தான் எழுதினாங்க. அதுவும் எங்களுக்காக.” எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்குப் போலவே வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

வெளியே வரும்போது அனுதாபப் புத்தகம் இருந்தது. வர முடியாத மகனுடைய பெயரையும் மருமகளுடைய பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னாள் என் மனைவி. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் வந்தவர்களை மட்டும் எழுதினேன்: அவள் பெயர், என் பெயர். அந்தப் பேனையால்தான் எழுதினேன். அவரிடம் இருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அலுவலகத்துக்கு நேற்றுக் கடிதம் போட்டுவிட்டேன். அவரைத் தெரிந்த உங்களுக்கும் இதை எழுதுகிறேன். மெற்றில்டா மிஸ் அந்தப் பதிவேட்டில் ஒரு பொய்யும் எழுதவில்லை. வள்ளியம்மாவின் பெயர் உட்பட அந்தப் பதினேழு பெயர்களையும் எழுதியவன் நான், டிஸ்பென்சர் சிவநேசன்.