பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்

பிரவீனாவின் அறைக்குள் நேராக நடந்து போக முடியாது. கதவைத் திறந்ததும் ஆள் உயர மரப்பெட்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கும் சுவருக்கும் இடையே வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நகர்ந்துதான் அவள் தன் நாற்காலிக்குப் போகிறாள்.

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. அங்கே ஆராய்ச்சிப் பிரிவு என்றால் பிரவீனா ஒருத்திதான். ஆசிரியர்கள் வெளி நிறுவனங்களிடம் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களை, நிர்வாகத்தின் சம்மதம் வாங்கி அனுப்புவது அவள் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தோழி. நான் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அவளைப் பார்க்காமல் விமானம் ஏறியதில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் பெரிய தொகை கேட்டு விண்ணப்பித்தார். கல்லூரிச் செயலர் ஆனந்தகுமாரிடம் பிரவீனா போய்க் கேட்டாள். "போடும்மா, பாத்துக்கலாம்" என்றார். நிதி வந்தது, இயந்திரமும் வந்தது. அதை வைக்கக் குளிரூட்டிய கூடமும் தனி மின் இணைப்பும் கல்லூரி தர வேண்டும் என்பது நிபந்தனை. "யாரைக் கேட்டு ஒத்துக்கினீங்க?" என்றார் செயலர். பேராசிரியர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். பிரிக்காத பெட்டி பிரவீனாவின் அறைக்கு வந்தது. அவளுடைய சம்பள உயர்வு நின்றது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: ஒரு கோடிக்கு மேற்பட்ட எந்த விண்ணப்பத்துக்கும் செயலரின் எழுத்துபூர்வமான முன் அனுமதி வேண்டும்.

"எழுத்துல வாங்கணும்னு எழுத்துல போட்டுட்டாங்கடி. எழுத்துல குடுக்கத்தான் ஆளு இல்ல" என்று சிரித்தாள் பிரவீனா.

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகப் பணியாளர். வரும் ஜூனில் நிரந்தரமாக்கும் பட்டியலில் முதல்முறையாக அவள் பெயர் இருந்தது. அதுவரை அவள் மேல் ஒரு புகாரும் வரக்கூடாது. அந்த நேரம் பார்த்து ஆஷிஃபாவின் விண்ணப்பம் வந்து சேர்ந்தது.

ஆஷிஃபா வேதியியல் ஆசிரியை, சின்னப் பெண். பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றிய ஆராய்ச்சி. கேட்ட தொகை ஒன்றே முக்கால் கோடி. அவளுடைய ஒப்பந்தமும் முடியப் போகிறது. நிதி கிடைத்தால்தான் இங்கே நீடிப்பாள். அனுமதிக் கடிதம் செயலர் மேசையில் வாரக்கணக்காகக் கிடந்தது. கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று நாங்கள் இருவரும் வெளியே சாப்பிடுவதாக இருந்தோம். "சாப்பாடு அப்புறம், அவர் கடைக்குப் போயிக்கினு வந்துடலாம் வா" என்றாள். ஆனந்தகுமாருக்குப் பட்டுப்புடவைக் கடைதான் தொழில். கல்லூரி, பரம்பரையாக வந்த பொறுப்பு.

முகூர்த்தக் கூட்டம். செயலர் கல்லாவில் இருந்தார். "இரும்மா" என்று கை காட்டினார். பிரவீனா கோப்போடு ஓரமாக நின்றாள். கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருவர் திரும்பி, "இந்தாம்மா, அந்த மாம்பழக் கலரை எடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பிரவீனா புடவையை எடுத்து, முந்தானையை விரித்து, தோளில் போட்டே காட்டிவிட்டாள்.

"நல்லா காட்டறியேம்மா!" என்றார் செயலர். "காலேஜ்ல போய் உக்காந்துக்கினு இருக்கியே."

புடவையைத் தோளிலிருந்து எடுக்காமலே அவள் கேட்டாள். "சார், ஆஷிஃபா மேடத்தோடது. இன்னிக்கு கடைசி நாள். ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

"போடும்மா, பாத்துக்கலாம்."

"எழுத்துல வேணும் சார். சர்க்குலர் இருக்குது."

"அட, இந்தக் கடையில இருக்கற பொடவையெல்லாம் வாய் வார்த்தையில வந்து எறங்குனது. நெய்யறவரும் நானும் எதுல கையெழுத்து போட்டோம்? எவ்ளோ வருஷமா நடக்குது!"

"அவங்களுக்கு உங்களத் தெரியும் சார். பணம் குடுக்கறவங்களுக்கு..." என்று இழுத்தவள் வேறு வழியில் போனாள். "விண்ணப்பம் போடற வெப்சைட்ல அனுமதி குடுக்கறவர் நம்பர்னு என் நம்பர் இருக்குது. அப்ப நீங்கதான் உன் நம்பரையே குடுன்னீங்க. இப்ப உங்க நம்பரா மாத்திடட்டுமா? ஓடிபி உங்களுக்கு வரும், நீங்க சொன்னா போதும்."

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதன்னு பேங்க்காரன் தெனம் மெசேஜ் அனுப்பறான். இந்தம்மா கடையில வந்து கேக்குது பாரு!"

கல்யாண வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்லப் போனேன். பிரவீனா என் மணிக்கட்டை அழுத்தினாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "நீ பேசிட்டு ஃப்ளைட் ஏறிடுவ. நான் நாளைக்கி இவர் மூஞ்சிலதான் முழிக்கணும்."

திரும்பிப் போகிற டிக்கெட் என் கைப்பைக்குள்தான் இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பியபோது ஆஷிஃபா அறை வாசலிலேயே காத்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கையெழுத்து கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டாள். மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஒருக்களித்து உள்ளே போனோம். அவள் மடிக்கணினியைத் திறந்து, அனுமதிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பிரவீனாவின் கைப்பேசி ஒலித்தது.

"உங்களுக்கா அக்கா வருது?" ஆஷிஃபா திகைத்துப் போனாள். "மேல ஏதோ கமிட்டி இருக்குதுன்னு நெனச்சேன்."

"நான்தான்மா கமிட்டி."

பிரவீனா வந்த ஓடிபி எண்ணை உடனே சொல்லவில்லை. செயலருக்கு வாட்ஸாப்பில் எழுதினாள்: 'இன்று கடையில் தாங்கள் சொன்னபடி ஆஷிஃபா மேடம் விண்ணப்பத்தை அனுப்புகிறேன் சார்.' இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் வரவில்லை. ஓடிபி காலாவதியானது. ஆஷிஃபா இன்னொன்று கேட்டு வாங்கினாள். அதற்குள் பதில் வந்துவிட்டது: கூப்பிய இரு கைகள். வேறு ஒரு எழுத்தும் இல்லை.

"இது சரின்னு அர்த்தமாக்கா?"

"கடைக்கு வர்ற எல்லாருக்கும் வைக்கிற கும்பிடும்மா இது."

"வேணாம்னா விட்டுடலாம் அக்கா" என்றாள் ஆஷிஃபா. நிஜமாகவே சொன்னாள். மடிக்கணினியை மூடக் கையையும் வைத்துவிட்டாள். அவள் கெஞ்சியிருந்தால் பிரவீனா மறுத்திருப்பாளோ என்னவோ.

"கைய எடு" என்றாள் பிரவீனா. ஒவ்வொரு எண்ணாகத் தானே தட்டினாள். திரையில் பச்சைக் கட்டம் ஒன்று வந்தது. நிறுவனத்தின் முன் அனுமதி பெறப்பட்டது. அனுமதித்தவர்: பிரவீனா முனுசாமி.

ஆஷிஃபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் துவா கேக்கறேன். நீங்களும் வேண்டிக்கங்க அக்கா."

"என்னன்னு வேண்டிக்கறது? வந்தா நான் மாட்டுவேன். வரலன்னா நீ போயிடுவ."

மூவரும் சிரித்தோம், சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. பிரவீனா கைப்பையை மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தாள். பாதியில் நின்று அறையை ஒரு முறை அளந்து பார்த்தாள்.

"இன்னொரு பெட்டி வந்தா எங்க வைப்பாங்க?" என்றாள். அங்கே மிச்சம் இருந்தது அவளுடைய நாற்காலி போட்டிருந்த இடம் மட்டும்தான்.