பல்கலைக்கழகத்துக்கு ஜமாத்துக் கடிதம்

என் மனைவிக்குத் தபாலில் வந்த பட்டயத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். கை சும்மா இருக்காது எனக்கு. இருபது வருடமாக அச்சகத்தில் நிற்கிறவன். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் திருப்புவேன், விரலால் தேய்ப்பேன், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன், அதற்கப்புறம்தான் படிப்பேன். பல சமயம் படிக்காமலே கீழே வைத்துவிடுவேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு மாப்பிள்ளை பெயர் நினைவிருக்காது, காகிதத்தின் கனம் நினைவிருக்கும்.

அந்தக் காகிதம் கடல் தாண்டி, சாணார்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "என்னம்மா, பாரினா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவளும் சிரித்தாள். எதிர்க்காட்டில் செவ்வந்தி பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவளைத்தான் நான் கட்டிக்கொண்டு வந்தேன். படிப்பு அதோடு நின்றது. எந்த விண்ணப்பத்திலும் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் அவள் பேனா கொஞ்ச நேரம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இருவரும் பேசியதில்லை. இப்போது அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எங்கோ ஒரு தேசத்து மருத்துவர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கும் மேல் வேலைக்கு அவளை எடுக்கத் தயார் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பட்டம் வேண்டும். எந்த நாட்டுப் பட்டமானாலும் சரி, கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

அப்படித்தான் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தாள். முழுக்க இணையத்திலேயே நடப்பது. பாடத்துக்குக் கட்டணம் கிடையாது, தேர்வுக்கு மட்டும் கொஞ்சம். இரண்டு வருடம் படித்தாள். சமையலறை ஜன்னலில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, குக்கர் விசிலுக்கும் பேராசிரியர் குரலுக்கும் நடுவில், வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கியபடி. வியாழக்கிழமை கட்டுரை ஒப்படைக்க வேண்டுமென்றால் புதன்கிழமை எங்கள் வீட்டில் ரசம் மட்டும். அந்த இரண்டு வருடத்துக்கான இடைப்பட்டயம்தான் தபாலில் வந்தது. இன்னும் இரண்டு வருடம் படித்தால் முழுப் பட்டம். மூன்றாம் ஆண்டுப் பதிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"எப்படி இருக்கு?" என்று நீட்டினாள்.

அவள் கேட்டது ஒன்று. நான் பார்த்தது வேறு. முத்திரையின் விளிம்பு கசிந்திருந்தது. பொன்னிறம் என்று நினைத்தது பொன் தாள் ஒட்டியதல்ல, வெறும் மஞ்சள் மை. காகிதம் நாங்கள் துண்டுப் பிரசுரத்துக்குப் போடுவதைவிட ஒரு நூல்தான் கனம். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"இதவிட நல்லா நானே அடிப்பேன். டூப்ளிகேட்டு மாதிரில இருக்கு."

"டூப்ளிகேட்டுன்னா?"

"யோசிச்சுப் பாரு. இம்புட்டுக் கம்மியா எவன் சொல்லிக் குடுப்பான்? ஊருக்கு நாலு போலி யுனிவர்சிட்டி இருக்குங்குறாங்க."

பட்டயத்தை வாங்கி, அது வந்த உறையிலேயே திரும்பப் போட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள். அன்று சாயங்காலம் போன், சர்க்கரை டப்பாவின் மேல் குப்புறப் படுத்திருந்தது.

ஒரு வீட்டில் ஒரு குரல் நின்றால் எவ்வளவு சத்தம் கேட்கிறது! தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், சிறுமலையிலிருந்து இறங்குகிற காற்றில் தென்னை மட்டைகள் உரசுகிற சத்தம், தாளிப்பில் கடுகு பொரிந்து அடங்குகிற சத்தம். அந்தப் பேராசிரியரின் இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபட்டதில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க அதற்காகவே காது ஏங்கியது. அவளிடம், "இன்னைக்குப் படிக்கலையா?" என்றேன். "எத?" என்றாள். அவ்வளவுதான்.

என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. புதன்கிழமை அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணினி முன் உட்கார்ந்து தேடினேன். தேடியதும் என் தொழில் புத்தியோடுதான். மலிவான வேறு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் என்ன மாதிரிப் பட்டம் தருகின்றன என்று மாதிரிப் படங்களாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றைக் கண்டதும் கை நின்றது. மேலெழும்பிய முத்திரை, அசல் பொன் தாள், மயிரிழைக் கோடுகளால் பின்னிய ஓரம். ஆகா, இதுவல்லவா பட்டம்! பேசாமல் இதற்கு மாறிவிடு என்று அவளிடம் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த தலையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பின்னால் பீடி வாசம். பாய் நின்றுகொண்டிருந்தார். அச்சகத்தின் முதலாளி, பேகம்பூர்க்காரர், எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. வாடிக்கையாளர் இருந்தால் நான் அவரை 'நீங்க' என்பேன், இல்லாவிட்டால் 'நீ'. அன்று யாரும் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பல்கலைக்கழகத்தின் மாதிரிப் படத்தையும் தேடி எடுத்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். "நீயே பாரு பாய். இது கசிஞ்ச மை. இது அசல் வேல."

பாய் திரையைப் பார்க்கவே இல்லை. மேசையிலிருந்து அன்று காலை அடித்து முடித்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தார். பக்கத்து ஊர் ஜமாத்தின் கடிதத் தாள். மேலே பச்சையில் பிறை, பள்ளிவாசல் முகவரி, கீழே வெற்றிடம்.

"இது எதுக்குன்னு தெரியுமா?"

"நிக்காஹுக்கு. மாப்பிள்ள நல்லவன், ஏற்கனவே கல்யாணம் ஆகலன்னு அவன் ஜமாத்துல எழுதிக் குடுப்பாங்க."

"அடிச்சது யாரு?"

"நாந்தேன்."

"அப்ப இந்தத் தாள வச்சு இன்னைக்கே நீ நாலு பேர மாப்பிள்ள ஆக்கலாமா ஆகாதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏலே, பேப்பரப் பாத்து நம்புறதா இருந்தா நாம ரெண்டு பேரும் இன்னேரம் துணைவேந்தரு. போன வருசம் என் தங்கச்சி மகளுக்கு ஒரு எடம் வந்துச்சு. லெட்டரு என்னா ஜோரு! எங்க ஜமாத்துல என்ன செஞ்சாக தெரியுமா? லெட்டர்ல இருந்த நம்பருக்குப் போன் போடல. அந்த ஊருல ஜமாத்து இருக்கான்னு அரசாங்கப் பதிவுல பாத்தாக. அதுலருந்து நம்பர எடுத்துப் போட்டாக. அப்படி ஒரு மாப்பிள்ளையே எங்க மஹல்லாவுல இல்லைன்னுட்டாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, பிரியாணி மிச்சம். மாப்பிள்ள எப்படின்னு மாப்பிள்ளைகிட்ட கேப்பியா நீ? அவன் ஜமாத்துகிட்ட கேக்கணும். அந்த ஜமாத்து அசலான்னு அதுக்கு மேல உள்ளவன்கிட்ட கேக்கணும். நீ என்னடான்னா மாப்பிள்ள சட்டத் துணியத் தடவிப் பாத்துட்டு வந்து நிக்கிற. இதுக்கு அந்தப் புள்ளைய வேற அழ வச்சிருக்க."

அழவில்லை என்று சொல்ல வந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வண்டியில் வருகிற வழியெல்லாம் வார்த்தை அடுக்கிக்கொண்டு வந்தேன். தக்காளி ஏற்றிய லாரி முன்னால் போக, வெயில் மலை மேல் சாய்ந்து மஞ்சளாக இறங்க, அடுக்கியதெல்லாம் வாசலில் வண்டியை நிறுத்தியதும் சரிந்துவிட்டது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாஞ் சொன்னது தப்பு. மையப் பாத்துச் சொன்னேன். வா, ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்" என்றேன். பாய் சொன்னதையும் சொன்னேன்.

"நீங்க பாத்தா இனிமே நம்ப மாட்டேன்" என்றாள். கையைத் துடைத்தாள். "நானே பாக்குறேன். நீங்க வெங்காயத்த உரிங்க."

உரித்தேன். அவள் தன் வேலைக் கணினியைத் திறந்தாள். பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் கீழே ஒரு அங்கீகாரச் சின்னம் இருந்தது. அதை அழுத்தப் போனவள் நிறுத்தினாள். "இது மாப்பிள்ள குடுத்த நம்பரு." மூடினாள். அந்த நாட்டு அரசின் கல்வித் துறையைத் தனியாகத் தேடித் திறந்தாள். எந்தெந்த அங்கீகார அமைப்புகளைத் தாங்கள் ஏற்கிறோம் என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். நோயாளிகளின் மருந்துப் பெயர்களில் ஓர் எழுத்தும் பிசகாமல் பார்க்கிற கண் அவளுக்கு. விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. நான் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு" என்றாள். அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அமைப்பு, அந்தப் பட்டியலில் இருந்தது.

"அப்ப சரியாப் போச்சு!"

"எங்க சரியாப் போச்சு? ஜமாத்து அசல். மாப்பிள்ள அந்த ஜமாத்தான்னு பாக்க வேணாமா?"

அரசுப் பட்டியலில் இருந்த முகவரி வழியாகவே அந்த அமைப்பின் பக்கத்துக்குப் போனாள். அங்கே அவர்கள் அங்கீகரித்த கல்லூரிகளின் அடைவு. பெயரை அடித்தாள். வந்தது. பெயர், ஊர், இணைய முகவரி, அங்கீகாரம் நடப்பில் இருக்கிறது என்ற குறிப்பு. இணைய முகவரியை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துத் தன் போனில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தாள். ஒத்திருந்தது. அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். இரண்டு நாளாக அவை அவ்வளவு மேலே ஏறியிருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"அந்தத் தங்க முத்திரைக்காரனையும் பாரேன்" என்றேன், மெதுவாக.

பார்த்தாள். நான் மயங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் தந்திருந்தது ஒரு பெரும் பெயர்கொண்ட உலக மன்றம். அரசுப் பட்டியலில் அந்த மன்றம் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இல்லை. மன்றத்தின் முகவரியைத் தேடி எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் முகவரியையும் எடுத்தாள். இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு.

"மாப்பிள்ளையும் ஜமாத்தும் ஒரே வீட்டுல குடியிருக்காகங்க! ஒரே கதவு நம்பரு!"

சிரித்து முடித்ததும் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று தன் பல்கலைக்கழகத்தை அங்கீகரித்த அமைப்புக்கு: இது உங்கள் கல்லூரிதானா? இன்னொன்று அவள் கம்பெனிக்கு: இந்த அமைப்பின் அங்கீகாரம் உங்களுக்குப் போதுமா? "கேக்காம விட்டுட்டு நாலு வருசமும் படிச்சு முடிச்சு முழிக்கவா?" என்றாள். இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கலாமே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வெங்காயத்தோடு விழுங்கினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அச்சகத்துக்குப் போன் வந்தது. என்றைக்கும் வேலை நேரத்தில் கூப்பிடாதவள். எந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். பாயும் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் பதில் போட்டுட்டாகங்க."

"என்னன்னு?"

"ஜமாத்துக்காரவுக ரெண்டே வரி. ஆமா, எங்க காலேஜுதான், இன்னைக்குத் தேதிக்கு அங்கீகாரம் இருக்குன்னு. எங்க கம்பெனிக்காரவுக ஒத்த வரி. போதும்னு."

எதிர்முனையில் செவ்வந்திக் காட்டின் ஆள் பேச்சு, எங்கோ ஒரு கோழி, அவள் மூச்சு. நான் எந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். சூடு இன்னும் ஆறவில்லை.

"ஆனா ஒண்ணுங்க. நம்ம ஊரு கவருமெண்டு வேலைக்கோ, இங்க மேக்கொண்டு படிக்கவோ இது தானா செல்லாதாம். அதுக்குத் தனியா இங்க கேட்டு வாங்கணும். ஆன்லைன்ல படிச்சதுக்குக் குடுக்குறது கஷ்டமாம். அதையும் தேடிப் படிச்சுட்டேன்."

"அப்ப?"

"அப்ப என்ன? நாப்பத்தி நாலு வயசுல எனக்குக் கலெக்டரு வேல எடுத்து வச்சிருக்காகளாக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் ஒரு நொடி கழித்துத்தான் சிரித்தாள். அந்த ஒரு நொடி எனக்குக் கேட்டது. பழைய கல்லூரியின் மூன்றாம் ஆண்டு வகுப்பறை அதற்குள் இருந்திருக்கும். அதற்கு எந்தப் பட்டியலிலும் ஈடு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பதிவு செய்தாள். நான் பல் துலக்கிக்கொண்டு பின்னால் நின்று பார்த்தேன். கல்வித் தகுதி என்ற கட்டம் வந்தது. இரண்டு வருடம் முடித்ததை நிறுத்தாமல் அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தாள். ஓரத்தில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது, ஊதினாள்.

"குடு, நல்ல கெட்டி உறையா ஒண்ணு போட்டுக் கொண்டாறேன்" என்று கையை நீட்டினேன்.

"பாய்கிட்டக் குடுங்க. பாய் போடட்டும்." கொடுத்தவள் பிடியை விடவில்லை. "நீங்க வெளிச்சத்துல பிடிக்கக் கூடாது. தேய்க்கக் கூடாது. வழியில பிரிக்கவே கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

விட்டாள். அதைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டு வண்டியை எடுத்தேன். வாசல் தாண்டும்போது பின்னால் சமையலறை ஜன்னலில் அந்தப் பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வண்டியை அணைத்து, காலை ஊன்றி, செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனேன்.