தாலி கட்டின படத்தை அழிக்கமாட்டாள்

உதியன்குளங்கரை சந்திப்பில் என் மருமகள் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். மத்தியானச் சோறு கொண்டுபோவது என் தொழில். சோற்றோடு கொஞ்சம் வாயையும் கொண்டுபோவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரைப் பெண் ஒருத்தி மாலை விமானத்தில் புருஷனோடு குவைத்துக்குப் போகிறாள். மூன்று மணிக்குள் கல்யாண வீடியோ அவள் கையில் இருக்கவேண்டும். இருந்தால் தங்கச்சி கல்யாணமும் எங்களுக்கு. இல்லாவிட்டால் எதிர்க் கடைக்காரனுக்கு. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்கில் எழுதும் பச்சைக் கோடோ திரையில் நகராமல் கிடந்தது. இன்னும் ஒன்பது மணி நேரம் என்று காட்டியது.

"மாமி, இது என்னைச் சதிக்குது."

"சோத்தைத் தின்னு மக்கா. நீ பட்டினி கெடந்தா அது ஓடுமோ?"

பாறசாலையிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தான். எதையோ திறந்தான். திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கட்டங்கள்.

"அக்கா, டிஸ்கு நெறஞ்சு போச்சு. மிச்சம் எடம் உள்ளதும் பொடிப்பொடியா கெடக்கு. வல்லிய பெரிய பைலை நூறு எடத்துல பிய்ச்சுப் பிய்ச்சு வைக்கணும். அதாக்கும் தாமசம். நீங்க எதை அழிப்பிய?"

"பாஸ்போர்ட் போட்டோ, பெறந்தநாளு, சின்னதெல்லாம் அழிப்பேன். கல்யாணம் தொடமாட்டேன். தாலி கெட்டுன படத்தை அழிச்சா அந்தத் தாலிக்குக் கேடாக்கும்."

நாலாம் வகுப்போடு நின்ற எனக்கே விஷயம் பிடிபட்டது. கல்யாணப் பந்தி மாதிரிதானே என்று அவனிடமே சொன்னேன். பந்தியில் தடித்த சொந்தக்காரர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுநடுவே பொடிப்பிள்ளைகள் மட்டும் தின்றுவிட்டு எழுந்துபோகிறார்கள். அப்போது பத்துப் பேர் குடும்பம் வந்தால் அப்பன் அங்கே, மகள் இங்கே. சாம்பார் வாளிக்காரன் ஒவ்வொருத்தராகத் தேடி ஓடவேண்டும்.

"எல்லாத்தையும் அடுக்கி வைக்க ஒரு பகல் வேணும். புது டிஸ்கு வாங்கலாம்னா கடை அடைப்பு. வல்லிய கல்யாணம் ஒண்ணை எழுப்பி விடணும் அக்கா."

"அது மட்டும் நடக்காது."

நான் மெல்லச் சொன்னேன்: "தாலியே கெட்டாத கல்யாணம் ஒண்ணு உண்டே."

மருமகள் கண்ணால் என்னை அடக்கப் பார்த்தாள். நான் அடங்குகிற ஆளா? ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் எடுத்த கல்யாணம் அது. முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது பெண் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். சமைத்ததை வீணாக்கக் கூடாதே என்று நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளை வீடியோ வாங்க வரவே இல்லை.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது மவுஸைப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் இருந்தான்.

"அது இன்னும் இஞ்ச கெடக்கா?"

"அழிக்க மனசு வரல்ல தம்பி," என்றாள் மருமகள்.

அவன் தேடி எடுத்தான். "டிஸ்கு புதுசா இருந்தப்ப எழுதினது. எங்கயும் பிரியாம ஒரே எடத்துல சொகமா கெடக்கு." பிறகு என் பக்கம் திரும்பினான். "அம்மச்சி அண்ணைக்கு எத்தன பாயசம் குடிச்சிய?"

"மூணு. உனக்க சங்கடத்துல நாலாவது எறங்கல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழித்தான். குப்பைக்கூடையில் போய்க் கிடந்ததையும் விடவில்லை, அதையும் காலி செய்தான். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடி எழுதவிட்டதும் பச்சைக் கோடு குடுகுடுவென்று ஓடியது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பெட்டிகள் ஏற்றிய காரோடு அந்தப் பெண் வந்து வீடியோ போட்ட பென்டிரைவை வாங்கிக்கொண்டாள். தங்கச்சிக்குச் சிங்ஙத்தில், அதாவது ஆவணியில், கல்யாணம், நீங்களே எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம்தான் மருமகள் சோற்றில் கை வைத்தாள்.

மெக்கானிக் பையை எடுத்தான். நான் விடுவேனா?

"இனி உனக்க கல்யாணத்துக்கு ஆளைத் தேடு மக்கா."

"ஆளு உண்டு அம்மச்சி. உங்களை விளிக்கத்தான் பயமா இருக்கு."