வெந்நீரக்காவும் பூஞ்சையும்

எங்கள் அக்காவைத் தெருவில் 'வெந்நீரக்கா' என்றுதான் சொல்வார்கள். குடிக்கிற தண்ணீர், கறந்த பால், துடைக்கிற துணி, எதுவும் கொதிக்காமல் அவள் கையை விட்டுத் தப்பாது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள். நல்லவேளை, அதை இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை.

இத்தனை சுத்தமும் அவள் ஆடுகளின் குடற்புழுவிடம் பலிக்கவில்லை. போன மழையில் பாதிக் குட்டிகள் வெளுத்து, தாடை வீங்கிச் செத்தன. புழு மருந்தும் முன்போல் கேட்கவில்லை. "இந்த மழையிலயும் இப்படிப் போச்சுன்னா மொத்தத்தையும் வித்துடுவேன்" என்று மாமா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

நான் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வகத்திலிருந்து ஒரு டப்பா கொண்டுபோனேன்.

"என்னடா இது, மாவா?"

"பூஞ்சை வித்துக்கா. தினமும் தவிட்டுல கலந்து குடு."

"பூஞ்சையா! ரொட்டியில ஒரு புள்ளி பாத்தாலே பொட்டலத்தோட வீசுறவ நான். இதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?"

பொறுமையாக விளக்கினேன். வித்து ஆட்டின் வயிற்றில் ஒன்றும் செய்யாது. புழுக்கையோடு வெளியே வந்து முளைத்துக் கண்ணி பின்னும். அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு, ஆடு மேய்கிற புல்லுக்கு ஏறுமுன் அதில் மாட்டிச் சாகும்.

"புழுக்கையில உக்காந்து காவல் காக்குதா? உன்னவிடப் பொறுப்பா இருக்கே மாப்ளே" என்றார் மாமா.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதித்தாள். ஒருநாள்கூட விடவில்லை. ஆனால் சில வாரம் கழித்துப் புழுக்கையைச் சோதித்தால், புழுக்குஞ்சுகள் கல்யாண வீட்டுக் கூட்டமாய் நெளிந்தன. பூஞ்சையைக் காணோம்.

"உங்க அக்காவே சாப்பிட்டுட்டாங்களா?" என்று ஆய்வகத்தில் கேட்டார்கள்.

வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். கொல்லை அடுப்பில் தவிட்டுக் கஞ்சி தளதளவென்று கொதித்தது. அக்கா டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உள்ளே போட்டுக் கிளறினாள்.

"அக்கா! என்ன பண்றே?"

"பாத்தா தெரியல? வேக வைக்கிறேன். இந்தக் கண்றாவியப் பச்சையாவா குடுப்பாங்க? வாயில்லாச் சீவன்டா, வயித்த வலிச்சா யார்கிட்ட சொல்லும்?"

"அது உயிரோட இருந்தாத்தான்கா புழுவப் பிடிக்கும்!"

கரண்டி நின்றது. "அப்ப இத்தன நாளா?"

"சூப்பு வச்சுக் குடுத்திருக்கே" என்றார் மாமா. அவள் பார்த்த பார்வையில் வாளியோடு குழாயடிக்கு நழுவினார்.

மிச்சமிருந்தது அரை டப்பா. அன்றே பச்சைத் தவிட்டில் கலந்தாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். ஆடுகள் ஆவலாக வாய் வைத்தபோது, "மன்னிச்சுடுங்கடி" என்றாள். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டாள்.

மழை கொட்டித் தீர்த்தது. ஒரு சவலைக் குட்டி போயிற்று. மற்றவை ஈரப் புல்லில் துள்ளின. மாமா ஒவ்வொன்றாகக் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பு; புழு இரத்தத்தைக் குடிக்கவில்லை. மோப்பம் பிடித்து வந்த ஆட்டு வியாபாரியிடம், "இப்ப குடுக்கறதா இல்லப்பா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்.

அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"டேய், இன்னும் ரெண்டு டப்பா கொண்டா. பையில மறைச்சுக் கொண்டா. நான் பூஞ்சை வச்சுப் பொழைக்கிறேன்னு தெருவுக்குத் தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தி என் வீட்ல தண்ணி குடிப்பாளா?"