ஆர்லீன் கட்சி தோற்கக் கூடாது

ஆர்லீன் கோவாச் எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுவீர்கள். அவள் ஒரு கட்சி, நான் அதற்கு எதிர்க்கட்சி. வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு ஒன்றில் இருவருக்கும் வேலை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஓஹையோவின் இரும்பாலை ஊர்க்காரி அவள். ஆலை மூடியதும் புருஷன் லாய்டுடன் இங்கே வந்தாள். லாய்டு லாரி ஓட்டினார், இதயம் படுத்தும்வரை. குழு கூடும் நாட்களில் பெயர்ப்பலகை வைப்பது, தண்ணீர் வைப்பது, மைக்கைச் சரிபார்ப்பது எல்லாம் ஆர்லீன் பொறுப்பு. ஒருநாள் எங்கள் கட்சி உறுப்பினர் பேசும்போது மைக் செத்துவிட்டது. "வேணும்னே பண்ணினியா?" என்று பாய்ந்தேன். "உங்காளு கத்துற கத்துக்கு மைக் எதுக்குடி? ஓஹையோ வரைக்கும் கேக்குது!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

எங்கள் பிழைப்பு இப்படி: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கீழவை முழுவதற்கும் தேர்தல். பாதிக்கு மேல் ஓர் இடம் கூடுதலாக வந்தாலும் போதும், எல்லாக் குழுவுக்கும் அந்தக் கட்சிதான் தலைமை. பெரிய அறை அவர்களுக்கு. ஊழியர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் அவர்களுக்கு. தோற்றவர்களுக்கு நிலவறையும் மிச்சப் பங்கும். ஆகவே கீழவை கைமாறினால் தோற்ற பக்கத்தில் பாதிப் பேருக்கு வேலை போகும். நன்றாக வேலை செய்தாயா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அந்த வருடம் ஆர்லீன் மேலே, நான் நிலவறையில். நவம்பர் தேர்தல் முடிந்தும் அவை யாருக்கு என்று தெரியவில்லை. கலிபோர்னியாவில் ஒரே ஒரு தொகுதி எண்ணி முடியாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. எங்கள் ஆள் முன்னிலையில் இருந்தார். உடனே எங்கள் மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. "மேல போய் அந்த ரூம அளந்துட்டு வா மார்வா" என்று அளவு நாடாவைக் கையில் கொடுத்தார். எண்ணி முடிப்பதற்குள் எதிராளியின் அறையை அளப்பது எங்கள் ஊர் வியாதி.

வெட்கத்தோடு மேலே போனேன். ஆர்லீன் எழுந்து வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேராப் பிடிடி. கோணலா அளந்துட்டு அப்புறம் மேசை நுழையலன்னு எங்க கட்சியத் திட்டாத."

"உனக்கு எப்படி இருக்கு ஆர்லீன்?"

"எப்படி இருக்கும்? தோத்துருவோம்னு எங்காளுங்களே நேத்து நோட்டீஸ் குடுத்துட்டானுங்க. ஜனவரியில புது அவை கூடுற அன்னிக்கு நான் வெளிய. பிப்ரவரியில லாய்டுக்கு இதயத்துல வால்வு மாத்தணும். காப்பீடு என் வேலையோடதான் இருக்கு. வேலை போனா ஆபரேஷன் தள்ளிப் போகும். தள்ளிப் போட்டா தாங்காதுன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார்."

நாடா சட்டென்று சுருண்டு என் விரலில் அடித்தது.

கீழே இறங்கி மேலாளரிடம் கேட்டேன். "இரண்டு கட்சிக்கும் பொதுவான ஊழியரா அவளை வெச்சுக்கலாமே? மைக்குக்கு என்ன கட்சி?"

"அவங்க ஆள நாம ஏன் சுமக்கணும்? அவங்க மட்டும் நம்மாள வெச்சாங்களா?" என்றார். மனுஷனா இவர் என்று ஆத்திரம் வந்தது. ஆனால் போன தடவை அவர்களும் எங்கள் ஆட்களை அப்படித்தான் அனுப்பினார்கள்.

மறுநாளே இரண்டு கட்சியும் ஊழியர்களை விடுப்பு எடுக்கவைத்துக் கலிபோர்னியாவுக்கு ஏற்றிவிட்டன. நானும் போனேன், ஆர்லீனும் போனாள். அங்கே தபால் ஓட்டின் உறையில் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தாவிட்டால் ஓட்டை ஒதுக்கி வைப்பார்கள். ஓட்டுப் போட்டவர் கெடுவுக்குள் மறுபடி கையெழுத்துப் போட்டால் எண்ணுவார்கள். ஆகவே ஆளாளுக்குத் தங்கள் கட்சிக்காரர்களின் கதவைத் தட்டி இழுத்து வர வேண்டும்.

பால்பண்ணைப் பக்கம், குளிர்காலப் பனிமூட்டம். முன்னால் போகும் கார் தெரியாது. கடைசி நாள் பிற்பகல் நான் தட்டிய கதவைத் திறந்தவர் மனுவேல் அவிலா. போர்த்துகீசியக் கிழவர், வலது கை நடுங்கியது.

"பக்கவாதம் வந்துச்சும்மா. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி ஆயிருச்சு. அதான் ஒத்துக்கல போல. வண்டி கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன். நம்ம ஆளு ஜெயிக்கணும்னா..."

"நம்ம ஆளா? யாரு?"

எங்கள் வேட்பாளரின் பெயரைச் சொன்னேன். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ தேடி வந்தது என் மகன! அவன் பேரும் மனுவேல்தான். அவனுக்குத்தான் உங்க கட்சிப் பைத்தியம். நான் செத்தாலும் உங்காளுக்கு ஓட்டுப் போட மாட்டேன்."

போச்சுடா! அப்பனும் மகனும் ஒரே பெயர், எங்கள் ஆட்கள் பட்டியலில் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"மகன் கறவையில இருக்கான். அவன் என்ன ஏத்திட்டுப் போவானா? ஓட்டுப் போட்டது நான். அத எண்ணாம குப்பையில போடுவாங்களா?"

'மன்னிக்கணும் பெரியவரே' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இருபது வருடம் கட்சிக்கு உழைத்தவள் நான். ஆனால் அவர் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார், ஒரு கை நுழையாமல் தவித்தது. போய் நுழைத்துவிட்டேன். "ஏறுங்க" என்றேன்.

வழியெல்லாம் பனி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் வேண்டிக்கொண்டது எங்கள் கட்சி தோற்க வேண்டும் என்றுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மனதார வேண்டினேன்.

தேர்தல் அலுவலக வாசலில் ஆர்லீன் நின்றிருந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"யாருடி இது, உங்காளா?"

"இல்ல, உங்காளு. கைய பிடிச்சுக் கூட்டிட்டுப் போ, படி வழுக்குது."

அவள் என்னையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்குக் கிறுக்கா மார்வா?"

"ஆமா. மூடப் போறாங்க, போ."

கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்தத் தொகுதி ஆர்லீன் கட்சிக்குப் போனது, அதோடு அவையும் அவர்களிடமே தங்கியது. அந்தக் கிழவரின் ஒற்றை ஓட்டால் அல்ல, வித்தியாசம் நூற்றுச் சொச்சம். கொடுத்த நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் நிலவறையில் இழவு வீடுபோல எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். அப்பாடா என்று மூச்சு வந்தது. வெளியே வந்தபோது மேலாளர் தோளைத் தட்டி, "மனசத் தளர விடாத" என்றார்!

பிப்ரவரியில் ஒரு மதியம் ஆர்லீன் நிலவறைக்கு இறங்கி வந்தாள். கையில் கறி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலைகள் நிறைந்த பாத்திரம்.

"லாய்டுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. கண்ணு முழிச்சதும் என்ன கேட்டார் தெரியுமா? 'லாரிச் சாவி எங்க?'"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். "வாழ்க்கையில மொத தடவடி. நாங்க தோத்ததுக்கு நான் சந்தோஷப்படுறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தை என் மேசையில் வைத்தாள்.

"அடுத்த தடவ நீங்களே ஜெயிச்சுக்குங்க" என்றாள். "அதுக்குள்ள அவர் எழுந்து நடந்துருவார்."